அம்மா காசில் வாங்கிய ஓட்டோ

அன்புள்ள அண்ணா,
கொரோனாக் காலத்துத் தோட்டத் தொழிலாளர் பற்றி எழுதினீர்கள். ஓட்டோக்காரருக்கு ஒரு வரிகூட இல்லை. ஹட்டனில் ஓட்டோ ஓட்டும் என் அண்ணனுக்கு அப்போது கட்டாமல் நின்ற லீசிங் தவணை இன்னும் இழுக்கிறது. வண்டியை விற்றுவிட்டுக் கொழும்புக்குப் போகலாமா என்கிறார். அரசாங்கம் சலுகை கொடுத்ததுதானே, இவர்கள் சேமிக்காதது பிழையில்லையா?
– கொட்டகலை வாசகர்

அன்புள்ள தம்பி,

எழுதாமல் விட்டது என் பிழைதான். ஆனால் சேமிப்பைப் பற்றிக் கேட்டீர்களே, அதுதான் எரிச்சலாக இருந்தது. பெட்ரோலும் தவணையும் போக ஹயரில் மிஞ்சுவது அன்றைய மாவுக்கும் பருப்புக்கும். எதைச் சேமிப்பது? 2020 மார்ச் 20இல் ஊரடங்கு வந்தது, லீசிங்குக்கு ஆறு மாத அவகாசம் என்றார்கள். அவகாசம் தள்ளுபடி இல்லை தம்பி, தவணை பின்னால் வந்து நிற்கும். சரி, அதை விடுங்கள்.

அண்ணன் முற்பணத்துக்குக் காசு எங்கே எடுத்தார் என்று கேட்டீர்களா? எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, முதல் ஓட்டோ வந்தது பெரியம்மாவின் சேமலாப நிதியில். சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, தோட்டம் 12 வீதம் போட்டு, 50 வயதுக்குப் பிறகு கைக்கு வந்த காசு. அத்தனை வருடம் கொழுந்துக் கூடை சுமந்த முதுகு அது. அப்படியே மகனிடம் கொடுத்தாள். அவனுக்கு யார் 12 வீதம் போடுவார்கள்? ஊரடங்கிலும் மலையில் கொழுந்து எடுத்தார்கள், பிரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போனவர்களுக்குப் பேர் விழுந்தது, அன்றைய சம்பளம் எழுதப்பட்டது. ஓட்டோக்காரனுக்குப் பேர் போட எந்தக் கணக்கப்பிள்ளை இருக்கிறார்? சுயதொழில் என்று அழகாக ஒரு சொல் வைத்திருக்கிறோம், காய்ச்சல் வந்தால் அதில் ஒரு நாள் லீவுகூடக் கிடையாது.

அந்த வருடம் ஓர் இரவு பக்கத்துக் காம்பராப் பெண்ணுக்கு வலி எடுத்தது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் பெரியம்மா மகன்தான் ஏற்றிப் போனான், சுடுதண்ணிப் போத்தலோடு நானும் பின்னால். தொற்றுக்குப் பயந்து, தன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் நடுவில் உரப்பையின் உள் உறையைக் கிழித்துச் சாக்குக் கயிற்றால் கட்டியிருந்தான். வளைவு வரும்போதெல்லாம் அது அவன் பிடரியில் ஒட்டும், ஒரு கையால் தள்ளிக்கொண்டே ஓட்டினான். காசு வாங்கவில்லை. பிறகு லயத்தில் தொற்று வந்து 14 நாள் எல்லாரையும் அடைத்தபோது, தினமும் காலையில் பெரியம்மா அந்த ஓட்டோவைத் துடைத்துவிட்டுப் படங்கை மறுபடி மூடுவாள். ஓடாத வண்டியை ஏன் துடைக்கிறாய் என்று கேட்டு நான் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை.

விற்பதா என்று கேட்டீர்கள் அல்லவா. அம்மாவிடம் கேட்டுவிட்டு விற்கச் சொல்லுங்கள். கொழும்பில் வேலை கிடைத்தால், அங்கே சேமலாப நிதி கட்டுவார்களா என்று முதல் நாளே விசாரிக்கச் சொல்லுங்கள்.