மண்ணும் மசியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அம்மா, முதல் தடவையாகக் காய்கறி போடப்போகிறேன். வாங்கவேண்டியதை எழுதிப் பார்த்தால் 22 சாமான் வந்து நிற்கிறது. மூன்று புத்தகம், கருவிப் பெட்டி, தெளிப்பான், மண் சோதிக்கும் மீட்டர், நாலு வகை டானிக், கையுறை எல்லாம் அதில் அடக்கம். கையில் இருக்கும் காசு பாதிக்குத்தான் வரும். எதை வெட்டலாம்?

பதில்: தம்பி, உங்கள் பட்டியலை இரண்டு தடவை படித்தேன். 22 சாமானில் மண்ணையும் காணோம், உரத்தையும் காணோம். செடியை எதில் நடப்போகிறீர்கள், டானிக் பாட்டிலிலா?

கேலிக்குச் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நூலகத்தில் வேலை பார்த்தவள், எதையும் முழுத் தொகுதியாக வாங்கித்தான் பழக்கம். ஒன்பது கருவிகள் அடங்கிய பெட்டி ஒன்று வாங்கினேன். மூன்றாம் வாரம் கைக்கரண்டியின் கழுத்து வளைந்தது, நாலாம் வாரம் பிடி கையோடு வந்துவிட்டது. மீதியில் இரண்டை இன்றும் பயன்படுத்துகிறேன். ஆறு எதற்கென்று இதுவரை தெரியாது. அதில் ஒன்றை வைத்துத்தான் உங்கள் கடிதங்களைப் பிரிக்கிறேன்.

காசைப் பத்துப் பங்காகப் போடுங்கள். ஆறு பங்கு மண்ணுக்கும் மட்கிய உரத்துக்கும். மீதி நாலில் விதை, தொட்டி, கருவி, புத்தகம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு. மண்ணுக்கு இவ்வளவா என்று தோன்றும். கணக்குப் பாருங்கள். ஒரு தக்காளிச் செடிக்கு 20 லிட்டர் கொள்ளும் தொட்டி வேண்டும். வாயகலம் 30 சென்டிமீட்டர், ஆழமும் 30 இருந்தால் ஏறக்குறைய அந்த அளவு வரும். ஐந்து செடி என்றால் 100 லிட்டர் மண்கலவை. தோட்டத்து மண்ணை மட்டும் தொட்டியில் கொட்டினால் நாலு தண்ணீரில் செங்கல் மாதிரி இறுகிவிடும். மண் ஒரு பங்கு, மட்கிய உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, தென்னை நார்த்தூள் ஒரு பங்கு என்று அளந்து கலந்தால் போதும். எடையால் அளக்காதீர்கள், ஒரே வாளியால் அளங்கள். நார்த்தூள் 5 கிலோ கட்டி ஊறினால் சுமார் 70 லிட்டர் வரை உப்பும். அதனால் முதல் வருஷத்துக்கு ஒரு கட்டி தாராளம். அதில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தடவை தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுக் கலக்குங்கள். அதில் சத்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஈரம் பிடித்து வைப்பதோடு அதன் வேலை முடிந்தது.

தொட்டி அழகாக இருக்கவேண்டியதில்லை. சாப்பாட்டுச் சாமான் வந்த பழைய வாளி போதும். அடியில் ஐந்தாறு துளை போடுங்கள். பெயின்ட், மருந்து வந்த வாளி வேண்டாம். கீரைக்கு 15 சென்டிமீட்டர் ஆழமே போதும், அதற்குப் போய் பெரிய தொட்டியை மண்ணால் நிரப்பிக் காசை விரயம் செய்யாதீர்கள்.

கருவியில் மூன்று. கைக்கொத்து, பூவாளி, ஒரு நல்ல கத்தரி. கைக்கொத்தில் அலகும் கழுத்தும் ஒரே இரும்பாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பற்றவைத்த கழுத்துதான் என்னைக் கவிழ்த்தது. கையுறை உங்கள் விருப்பம். டானிக் நாலையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். உரப்பையில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று மூன்று எண் வரிசையாக இருக்கும். 19:19:19 என்றால் ஒவ்வொன்றும் 19 சதவீதம். பாட்டிலில் அந்த எண்களே இல்லையென்றால், உள்ளே இருப்பது என்ன என்று நீங்கள் ஏன் காசு கொடுத்து யூகிக்கவேண்டும்?

புத்தகம் ஒன்றே ஒன்று. எப்படிப் பார்த்து வாங்குவது என்பதைக் கீழே உள்ள கேள்விக்குச் சொல்கிறேன், அதையும் படியுங்கள்.

கேள்வி: மிகவும் புகழ்பெற்ற தோட்டக்கலைப் புத்தகம் ஒன்றை விலை அதிகம் என்று தெரிந்தே வாங்கினேன். அதில் சொன்ன வெங்காய ரகத்தின் விதையைத் தேடிப் பிடித்து, சொன்னபடியே போட்டேன். ஆறு மாதமாகத் தாள் மட்டும் வளர்கிறது. கீழே வெங்காயமே இல்லை. என் கை ராசியா?

பதில்: கை ராசியும் இல்லை, புத்தகம் பொய்யும் இல்லை. அது வேறொரு ஊரின் வெயிலுக்கு எழுதிய புத்தகம், அவ்வளவுதான்.

வெங்காயம் பகலின் நீளத்தைக் கணக்கு வைக்கும். குறும்பகல் ரகங்கள் பகல் 10 முதல் 12 மணி நேரம் ஆனதும் கிழங்கு கட்டத் தொடங்கும். நெடும்பகல் ரகங்களுக்கு 14 மணி நேரமாவது வேண்டும். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் வருஷம் முழுக்கப் பகல் 12 மணி நேரத்தைச் சுற்றியே இருக்கும். அங்கே நெடும்பகல் ரகத்தைப் போட்டால் அது காத்துக்கொண்டே இருக்கும், நீங்களும் காத்துக்கொண்டே இருப்பீர்கள். செடிகளுக்கு இந்தப் பகல் கணக்கு உண்டென்று கார்னர், அல்லார்டு என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1920இல் எழுதினார்கள். பூக்கவே மாட்டேன் என்று வளர்ந்துகொண்டே போன ஒரு புகையிலைச் செடிதான் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது. உங்கள் வெங்காயத்துக்கு அது தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளை அறுத்துச் சமையுங்கள், நன்றாகவே இருக்கும்.

இனிப் புத்தகம் வாங்கும்போது முன்னட்டையை விட்டுவிட்டு உள்ளே போங்கள். நடவுக் காலத்தை எப்படிச் சொல்லியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ‘கடைசி உறைபனிக்கு இரண்டு வாரம் கழித்து’ என்று பக்கத்துக்குப் பக்கம் வந்தால், உங்கள் ஊரில் உறைபனி உண்டா என்று யோசியுங்கள். மாதப் பெயர் மட்டும் போட்டிருந்தால் அது பூமியின் எந்தப் பாதிக்கு என்று பாருங்கள், வடபாதியின் கோடை தென்பாதிக்குக் குளிர்காலம். பிறகு கடைசிப் பக்கத்துச் சொல்லடைவு. அசுவினிப் பூச்சி என்று தேடுங்கள், இல்லை மாவுப்பூச்சி. பக்க எண் கிடைத்து, அந்தப் பக்கத்தில் அந்தப் பூச்சியின் படமும் என்ன செய்வதென்ற நாலு வரியும் இருந்தால் புத்தகம் தேறும். சொல்லடைவே இல்லாத தோட்டப் புத்தகத்தை நான் தொடமாட்டேன். இலை சுருண்டு கிடக்கும் நேரத்தில் 300 பக்கத்தை யார் புரட்டுவது? கிளை வெட்டும் கவாத்துக்கும் கொடி கட்டுவதற்கும் கோட்டுப்படம் நல்லது, நோய்க்கு மட்டும் வண்ணப்படம் வேண்டும். மற்ற வண்ணமெல்லாம் விலையை ஏற்றுவதற்கு.

பழைய புத்தகம் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக. ஐம்பது வருஷத்துக்கு முந்திய புத்தகத்தில் மண் பற்றிய அத்தியாயமும் விதைக்கும் ஆழமும் இன்றும் பிழையில்லாமல் இருக்கும். விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் என்ற விதி மாறவில்லை. கெட்டுப்போவது மருந்து அத்தியாயம். எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்து 2011இல், கெடுதலான இரசாயனங்களை ஒழிக்க நாடுகள் செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு முந்திய புத்தகங்களில் அதைத் தெளிக்கச் சொல்லி அளவோடு எழுதியிருக்கும். என்னிடம் இருக்கும் பழைய புத்தகங்களில் அந்தப் பக்கங்களின் மேல் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டிருக்கிறேன். புத்தகத்தில் கோடு போடுவது எனக்கு எவ்வளவு கஷ்டமான காரியம் என்பது நூலகக்காரர்களுக்குப் புரியும்.

வாங்குவதற்கு முன் நூலகத்தில் எடுத்து ஒரு போகம் கூடவே வைத்துப் பாருங்கள். இரண்டாவது தடவையும் அதையே எடுக்கத் தோன்றினால் வாங்குங்கள்.

கேள்வி: அக்கா, மண்ணில் குத்தினால் ஈரம், வெளிச்சம், புளிப்பு மூன்றையும் காட்டும் மீட்டர் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். விலை மலிவான குச்சி மீட்டர்கள் ஈரத்தை நேரே அளப்பதில்லை, மண்ணில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைத்தான் பார்க்கின்றன. உரஉப்பு கூடினாலும் முள் ‘ஈரம்’ பக்கம் சாயும். விரலை இரண்டு கணு ஆழம் விடுங்கள், காய்ந்திருந்தால் தண்ணீர். புளிப்புத்தன்மை தெரியவேண்டுமென்றால் சோதனைத் தாள் வாங்குங்கள். புளிப்பைக் காட்டும் pH எண் 6 முதல் 7 வரை இருந்தால் பெரும்பாலான காய்கறிக்குச் சரி. வெளிச்சத்துக்கு எதற்கு மீட்டர், காய்க்கும் செடிக்கு நேர் வெயில் ஆறு மணி நேரம் விழுகிறதா என்று ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: நாலு வருஷத்துக்கு முன் வாங்கிய விதைப் பொட்டலங்கள் அப்படியே இருக்கின்றன. தூக்கிப்போட மனசு வரவில்லை.

பதில்: ஏன் தூக்கிப்போடவேண்டும்? பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டி ஒரு டப்பாவில் வையுங்கள், துணி காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து நாளில் ஏழு முளைத்தால் நல்ல விதை. ஐந்து என்றால் இரட்டிப்பாகத் தூவுங்கள். அதற்கும் கீழே போனால் விட்டுவிடுங்கள். மிளகாய்க்கு மட்டும் இன்னும் ஒரு வாரம் பொறுமை வேண்டும். காற்றுப்புகாமல், குளிர்ச்சியாக, ஈரமில்லாமல் வைத்திருந்தால் தக்காளி, கத்தரி, வெள்ளரி நாலு வருஷம் தாங்கும். வெண்டை இரண்டு வருஷம். வெங்காயம் ஒரு வருஷம் தாண்டினாலே சந்தேகம். இஸ்ரேலில் உள்ள மசாடா கோட்டை இடிபாட்டில் கிடைத்த சுமார் 2,000 ஆண்டுப் பழைய பேரீச்சங்கொட்டை 2005இல் முளைத்தது என்பது உண்மை, ஆனால் அதை நம்பி வெங்காய விதையைப் பூட்டிவைக்காதீர்கள்.

பொட்டலத்தில் எஃப்1 என்று போட்டிருந்தால் அது கலப்பினம். அதன் காயிலிருந்து விதை எடுத்தால் அடுத்த தலைமுறை தாயைப்போல் வராது. வருஷாவருஷம் விதைக்குக் காசு கொடுக்க மனமில்லாதவர்கள் நாட்டு ரகமாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: தக்காளியின் அடி கறுத்து அழுகுகிறது என்று எழுதியதற்கு, முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொன்னீர்கள். இரண்டு மாதமாகப் போடுகிறேன். வீட்டில் எல்லோருக்கும் முட்டை அலுத்துவிட்டது. தக்காளி இன்னும் அழுகுகிறது.

பதில்: தப்பு என்னுடையது. பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிட்டேன். காயின் அடிக்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராததால்தான் அது கறுக்கிறது என்பது சரி. ஆனால் பெரும்பாலும் சத்து மண்ணில் இருக்கும், ஏற்றிக்கொண்டு போகும் தண்ணீர்தான் ஒழுங்காக இருக்காது. இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குளம்போல் ஊற்றினால் இந்த வியாதி வரும். முட்டை ஓடு மட்க மாதக்கணக்கில் ஆகும், இந்தப் போகத்துக்கு உதவாது. எப்சம் உப்பு போடச் சொல்லி யாராவது வந்தாலும் கேட்காதீர்கள், அதில் இருப்பது மக்னீசியம், சுண்ணாம்புச்சத்தோடு போட்டிக்குத்தான் நிற்கும். தொட்டியின் மேல் காய்ந்த இலைச்சருகை நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே அளவு தண்ணீர். கறுத்த காய் திரும்பாது, பறித்துவிடுங்கள். இனிப் பிடிக்கும் காயைப் பார்த்துவிட்டு எழுதுங்கள், திட்டுவதாக இருந்தாலும் சரி.