மட்டிப்பழம் முதல் கருவாடு வரை: விமானத்தில் எதை, எப்படிக் கொண்டுபோவது?

விமானச் சரக்குப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து, ஓய்வுபெற்று, இப்போது குமரி மாவட்டத்துத் தக்கலையில் இருக்கிறேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்து திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும் நம் பிள்ளைகளின் பெட்டிகளில் அம்மாமார் கட்டிக் கொடுத்த பண்டங்கள் குப்பைத்தொட்டிக்குப் போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதனால்தான் பெட்டி கட்டும் முன்பே என்னிடம் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

இரணியலிலிருந்து ஒரு அக்கா: மகள் டெல்லியில் இருக்கிறாள். வீட்டுத் தேங்காய் பத்து கொண்டுபோகலாமா, தம்பி?

வேண்டாம் அக்கா. கொப்பரையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எண்ணெய். குவித்து அடைத்துவைத்தால் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளக்கூடிய பொருள்களின் வரிசையில் விமானத்துறை அதைச் சேர்த்திருக்கிறது. முற்றிய முழுத் தேங்காயையும் அதே சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். சபரிமலைக்கு இருமுடி கட்டிப் போகிறவர்கள் கைப்பையில் தேங்காய் வைத்துக்கொள்ளவே 2024 அக்டோபரில் தனி அனுமதி தேவைப்பட்டது. அதுவும் 2025 ஜனவரி 20 வரைக்கும்தான். பேசாமல் எண்ணெயாக ஆட்டிக் கொண்டுபோங்கள். கைப்பையில் அல்ல, லக்கேஜ் பெட்டியில். வாய் அகன்ற பாட்டிலாகப் பாருங்கள். 24 டிகிரிக்குக் கீழே தேங்காயெண்ணெய் உறைந்துவிடும். டெல்லிக் குளிரில் குறுகிய வாய் பாட்டிலோடு மகள் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

குலசேகரத்திலிருந்து: மகனுக்கு மட்டிப்பழம் என்றால் உயிர். ஜெர்மனிக்குக் கொண்டுபோக முடியுமா, அண்ணன்?

முடியும். மட்டியும் வாழைதான். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குப் பெரும்பாலான பழங்களைச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. ஆனால் வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்துக்கும் விலக்கு உண்டு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிக்கும் அந்த வாசல் திறந்தே இருக்கிறது.

சிரமம் சட்டத்தில் இல்லை, பழத்தில்தான் இருக்கிறது. மட்டியின் தோல் மெல்லியது. பழுத்த சீப்பு பிராங்பர்ட் போய்ச் சேரும்போது களியாகிவிடும். காயின் விளிம்புகள் மழுங்கி உருண்டிருக்க வேண்டும், நிறம் மட்டும் பச்சையாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட சீப்பாகக் கேட்டு வாங்குங்கள். வெட்டிய இடத்தில் பால் வடியும். அது பட்ட தோல் கறுக்கும் என்பதால் அரைநாள் கவிழ்த்து வைத்து, பால் நின்றபிறகு பத்திரிகைத் தாளில் சுற்றுங்கள். ஒரு சீப்பின் வளைவுக்குள் இன்னொன்று உட்காரும்படி அட்டைப்பெட்டியில் அடுக்குங்கள். பிளாஸ்டிக் கவர் கூடாது. வியர்த்துப்போகும், பழுக்கவைக்கும் வாயுவும் உள்ளேயே தங்கிவிடும். 13 டிகிரிக்குக் கீழே போனால் வாழைத்தோல் கறுத்துவிடும், ஆகவே இடமிருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

இதே சீப்பை ஆஸ்திரேலியாவுக்கு எடுத்துப்போக நினைக்காதீர்கள். அங்கே பயணிகள் பழம் கொண்டுபோக விடமாட்டார்கள். தின்பண்டம் எதுவானாலும் வருகைப் படிவத்தில் எழுதியாக வேண்டும். எழுதாமல் மறைத்தால் அபராதம்.

மார்த்தாண்டத்திலிருந்து: நம் தேன் திரவக் கணக்கில் வருமா?

வரும். பன்னாட்டு விமானத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். பெட்டியில் வையுங்கள், கண்ணாடி பாட்டில் வேண்டாம். ஒரு லிட்டர் தேன் கிட்டத்தட்ட 1.4 கிலோ இருக்கும் என்பதையும் எடைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் தோட்டத்துத் தேன் சீக்கிரம் உறைந்து குருணையாகும். அது கலப்படம் அல்ல என்று வாங்கிக்கொள்கிறவரிடம் சொல்லிக் கொடுங்கள்.

சுசீந்திரத்திலிருந்து: பதநீர்?

கொண்டுபோகவே வேண்டாம். சில மணி நேரத்தில் புளித்து, வாயு திரண்டு மூடியைத் தள்ளும். கருப்பட்டியாகக் கொண்டுபோங்கள். கெட்டியான கட்டி என்பதால் எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்லலாம். ஆகவே அடியில் புதைக்காமல் மேலாக வையுங்கள்.

களியக்காவிளையிலிருந்து: பாங்காக் போய்விட்டு மும்பை வழியாக வருகிறோம். மது பாட்டில் எத்தனை கொண்டுவரலாம், சார்?

சுங்கவரி இல்லாமல் ஆளுக்கு 2 லிட்டர். 5 லிட்டர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது 24 முதல் 70 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள மதுவுக்கு விமானப் பாதுகாப்பு வகுத்த அளவு, வரிச் சலுகை அல்ல. மும்பையில் சுங்கம் முடிந்ததும் பாட்டிலை லக்கேஜ் பெட்டிக்குள் மாற்றிவிடுங்கள்.

குளச்சலிலிருந்து: இத்தாலியில் இருக்கும் தம்பிக்கு நெத்திலிக் கருவாடும் நெய்யும் கொடுத்தனுப்பலாமா?

கருவாடு போகலாம், ஆளுக்கு 20 கிலோ வரை மீன் பொருள்களை அனுமதிக்கிறார்கள். நெய், பால்கோவா, இறைச்சி எதுவும் கூடாது. கருவாட்டை வெறும் சட்டியில் ஈரம் போக வறுத்து, நன்றாக ஆறவிட்டு, காற்றை உறிஞ்சி ஒட்டும் கவரில் கட்டுங்கள். சூடாகக் கட்டினால் உள்ளே வியர்த்து, நாற்றம் முழுப் பெட்டிக்கும் பரவும்.

திங்கள்சந்தையிலிருந்து: துபாய்க்குத் திரும்புகிறேன், அண்ணன். பக்கத்து வீட்டு மாமி தன் மகனுக்கு மசாலாப்பொடி தந்திருக்கிறார்கள். பயப்பட ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது மக்களே. அதில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நமக்கு அது குருமாவுக்கு அரைக்கும் சாமான். அபின் செடியின் விதை என்பதால் ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவுதியிலும் அது போதைப்பொருள் கணக்கில் வரும். சமையலுக்குக் கொண்டுவந்தேன் என்ற விளக்கம் அங்கே எடுபடாமல் போகலாம். வேலையும் போய் சிறைக்கும் போக நேரலாம். வெற்றிலை பாக்கும் அமீரகத்துக்கு ஆகாது. கசகசா கடுகைவிடச் சிறிய விதை, பையின் தையலில்கூட ஒட்டியிருக்கும். அதனால் வீட்டில் மளிகைக்குப் பயன்பட்ட பழைய பையில் துணி அடுக்காதீர்கள். புதுப் பையை எடுங்கள்.

அவரே மீண்டும்: பொட்டலத்தைப் பிரித்தால் மாமி வருத்தப்படமாட்டார்களா?

மாமியை வீட்டுக்கு அழையுங்கள். பெட்டியை எடைபோடும்போது அவர்கள் முன்னாலேயே பொட்டலத்தைப் பிரியுங்கள், என்னென்ன சேர்த்து அரைத்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கசகசா என்று வந்தால், அவர்கள் மகனுக்கும் அதில் ஆபத்து இருக்கிறது என்று சொல்லுங்கள். தாய் புரிந்துகொள்வாள். அது இல்லாமல் வறுத்து அரைக்க அரைமணி நேரம் போதும். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே கேட்டுவிடுங்கள்.