பிளாட்டை விற்க ஃபால்ஸ் சீலிங் போட வேண்டுமா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் 2009-ல் வாங்கிய இரண்டு படுக்கையறை பிளாட்டை விற்கப் போகிறோம். முதல் மாடி. 58 லட்சம் எதிர்பார்க்கிறோம். நாங்கள் மகன் வீட்டுக்கு வந்துவிட்டதால் அது நான்கு மாதமாகக் காலியாக இருக்கிறது. பக்கத்து மனையில் அபார்ட்மென்ட் எழும்பியதிலிருந்து வெளிச்சம் குறைவு. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ‘வீடு இருட்டா இருக்கே’ என்கிறார்கள். ஹாலுக்கும் அறைகளுக்கும் ஃபால்ஸ் சீலிங், ஸ்ட்ரிப் லைட் போட 1.6 லட்சம் கேட்கிறார் ஒரு இன்டீரியர்காரர். பெர்சனல் லோன் எடுத்துச் செய்தால் அதற்கு மேல் விலை கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. லோனும் வேண்டாம், சீலிங்கும் வேண்டாம்.

இந்த விலையில் வாங்குகிறவர் அநேகமாக வங்கிக் கடனோடுதான் வருவார். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் யு.டி.எஸ். (மனையில் உங்கள் பிளாட்டுக்குச் சேரும் பிரிக்கப்படாத பங்கு) எவ்வளவு, கட்டடத்துக்கு வயது என்ன, பிளான் அப்ரூவல்படி கட்டியிருக்கிறதா, அக்கம்பக்கத்தில் என்ன விலை போகிறது என்று பார்ப்பார். சீலிங் ஓரத்தில் ஓடும் நீல விளக்குக்காக ஒரு ரூபாய்கூட ஏற்ற மாட்டார். 14 சதவீத வட்டியில் மூன்று வருடத் தவணை என்றால், 1.6 லட்சத்துக்கு மாதம் சுமார் 5,470 ரூபாய் கட்ட வேண்டும். வீடு விற்றதும் அடைத்துவிடலாம் என்றால், பிராசஸிங் கட்டணம், முன்கூட்டி அடைக்கும் கட்டணம் எல்லாம் கைக்காசு. இன்னொன்று: பதினைந்து வருடத்துக்கு மேலான வீட்டில் புத்தம் புதிய ஃபால்ஸ் சீலிங்கைப் பார்த்தால், விவரமானவர்கள் முதலில் கேட்பது ‘மேலே ஒழுகுதா சார்?’ என்பதுதான். நானாக இருந்தாலும் கேட்பேன்.

ஆனால் இருட்டு என்ற பேச்சை அலட்சியம் செய்யவும் முடியாது. 58 லட்சத்தை 6.5 சதவீதத்துக்கு டெபாசிட்டில் போட்டால் மாதம் 31,000 ரூபாய்க்கு மேல் வட்டி வரும். வீடு பூட்டிக் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் அது போகிறது, மெயின்டனன்ஸ் தனி. விளக்குக்குச் செலவழிப்பது விலையை ஏற்ற அல்ல. ஒரு மாதம் முன்னதாக விற்பதற்கும், இருட்டைக் காட்டி ஒரு லட்சம் குறைத்துக் கேட்பவரின் வாயை அடைப்பதற்கும்தான். அதற்குப் பத்தாயிரம் ரூபாய் போதும்.

முதலில் காசில்லாத வேலை. ஜன்னல் கொசுவலையைக் கழற்றிக் கழுவுங்கள். நான்கு மாதத் தூசி படிந்த வலை, வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் தடுத்துவிடும். பால்கனியில் கொடிக்கயிறும் பழைய அட்டைப்பெட்டிகளும் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஹால். சோக் வைத்த பழைய டியூப்லைட் இருந்தால் அதன் இரண்டு முனையும் கறுத்திருக்கும், பட்டி மேல் பல்லி எச்சமும் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு 20 வாட் எல்.இ.டி. பேட்டன் (பட்டியோடு சேர்ந்தே வரும் டியூப்லைட்) இரண்டு, எதிரெதிர்ச் சுவரில் மாட்டுங்கள். ஒன்று 300 ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும். வாங்கும்போது வாட்டைப் பார்க்காமல் டப்பாவில் போட்டிருக்கும் லூமெனை, அதாவது வெளிச்ச அளவைப் பாருங்கள். 2,000 அளவுக்கு இருக்க வேண்டும். ஃபேன் இறக்கைக்கு மேலே விளக்கு வரக் கூடாது. ஃபேன் ஓடினால் நிழல் வெட்டி வெட்டி அடித்து, வந்தவருக்குத் தலைவலிதான் மிஞ்சும்.

நிறத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஹாலில் பளீர் வெள்ளை, படுக்கையறையில் மஞ்சள், சமையலறையில் வேறொன்று என்றிருந்தால் வீடு துண்டு துண்டாகத் தெரியும். 6500கே (கே என்பது கெல்வின், விளக்கின் நிற அளவு) வெள்ளை மருந்துக்கடை மாதிரி இருக்கும். கடையில் ‘நேச்சுரல் ஒயிட்’, அதாவது 4000கே என்று கேட்டு வீடு முழுக்க ஒன்றாகவே போடுங்கள். பாத்ரூம், வாசல், பால்கனிக்கு 9 வாட் பல்பு போதும், நூறு ரூபாய் அளவில்தான். சமையலறையில் லாஃப்டுக்குக் கீழே, மேடைக்கு நேராக இரண்டடி பேட்டன் ஒன்று. அந்த மேடை பளிச்சென்று தெரிந்தால் மற்ற குறை பாதி மறந்துபோகும்.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு, இரவில் ஒருமுறை தனியாகப் போய் எல்லா விளக்கையும் போட்டுப் பாருங்கள். நல்ல வெளிச்சம் சுவரின் அழுக்கையும் காட்டிக்கொடுக்கும். ஸ்விட்ச் போர்டைச் சுற்றிய கைக்கறை, ஏ.சி.க்குக் கீழே வழிந்த கோடு. சாமானும் எலெக்ட்ரீஷியன் கூலியும் சேர்ந்து ஐந்தாயிரத்துக்குள் முடியும். மீதியை ஹால் சீலிங்குக்கு ஒரு கோட் வெள்ளை அடிக்க வைத்துக்கொள்ளுங்கள். ஓதம் ஏறிய இடம் இருந்தால் பெயின்டில் மறைக்காதீர்கள். சரிசெய்யுங்கள், இல்லையென்றால் சொல்லிவிடுங்கள். அட்வான்ஸ் வாங்கிய பிறகு அது தெரியவந்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

வரி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பல்பு, டியூப், வெள்ளையடிப்பு எல்லாம் பராமரிப்புச் செலவு. மூலதன ஆதாயக் கணக்கில், அதாவது வீட்டை விற்ற லாபத்துக்கான வரிக் கணக்கில், கழிக்க முடியாது. புரோக்கர் கமிஷனைக் கழிக்கலாம், அதனால் ரசீது வாங்குங்கள். 2009-ல் வாங்கிய வீடு என்பதால், இந்தியாவில் வசிக்கும் உங்களுக்கு இரண்டு வழி உண்டு: பணவீக்கச் சரிக்கட்டல் (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கேற்ப ஏற்றிக் கணக்கிடுவது) இல்லாமல் லாபத்தில் 12.5 சதவீதம், அல்லது சரிக்கட்டலோடு 20 சதவீதம். இரண்டையும் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டுங்கள். விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் வாங்குபவர் 1 சதவீதம் டி.டி.எஸ். (உங்கள் பெயரில் முன்கூட்டியே கட்டும் வருமான வரி) பிடிப்பார், அதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

காலி வீடுதானே என்று மின் இணைப்பை மட்டும் துண்டித்துவிடாதீர்கள். வேலைக்குப் போகிறவர்கள் இரவு ஏழு மணிக்குத்தான் வீடு பார்க்க வருவார்கள். புரோக்கரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு இருக்காமல், அரை மணி முன்னால் உங்கள் மகனை அனுப்பி ஜன்னலைத் திறந்து எல்லா விளக்கையும் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.