வன்னியில் பூச்சியைப் புரத உணவாக ஏற்பார்களா?

பூச்சியில் புரதம் இருந்தும் வட இலங்கையின் வன்னி ஆட்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சத்தில் சந்தேகம் இல்லை, அருவருப்புத்தான் காரணம் என்று நினைக்கிறேன். முல்லைத்தீவின் நந்திக்கடல் களப்பில் பிடிக்கும் இறாலை ஆசையாகத் தின்கிறோம். அதுவும் பூச்சியைப் போல மூட்டுள்ள கால்களைக் கொண்ட கணுக்காலிதான். ஆனால் இறாலைச் சின்ன வயதிலிருந்தே கறிச்சட்டியில் பார்க்கிறோம். வெட்டுக்கிளியைப் பயிரைத் தின்னும் எதிரியாக மட்டுமே தெரியும்.

உலகில் சுமார் 200 கோடிப் பேரின் உணவில் பூச்சி உண்டு என்று ஐ.நா. உணவு விவசாய அமைப்பு 2013இல் சொன்னது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் மழைக்குக் கிளம்பும் ஈசலை வறுத்துத் தின்பதுண்டு. முழுப் பூச்சியை மறுப்பவர்கள்கூட மாவாக அரைத்துக் கலந்தால் சற்று இணங்குகிறார்கள். பிட்டு மாவில் கொஞ்சம் சேர்த்துப் பார்க்கலாம். அப்புறம், இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பூச்சியும் ஒவ்வாமை தரலாம். மருந்தடித்த வயலில் பிடித்ததைத் தயவுசெய்து தின்ன வேண்டாம்.