கரைத்து வைத்தால் பெப்டைடு வருமா?

கேள்வி: கிளைசின் என்ற அமினோ அமிலத்தின் கார்பாக்சில் தொகுதியும் அலனின் என்ற அமினோ அமிலத்தின் அமினோ தொகுதியும் ஒரு நீர் மூலக்கூறை விட்டுவிட்டு இணைந்தால் டைபெப்டைடு என்று படித்தோம். அப்படின்னா இரண்டையும் தண்ணீரில் கரைத்து வைத்தாலே போதாதுங்களா?
*– பிளஸ் டூ மாணவி, கோபிசெட்டிபாளையம்*

பதில்: போதாது. நீங்கள் படித்தது சரிதான்: கிளைசினின் மூலக்கூறு நிறை 75, அலனினுடையது 89; இரண்டையும் கூட்டி, நீருக்கு 18 கழித்தால் டைபெப்டைடின் நிறை 146. ஆனால் நீரில் கரைந்ததும் அமினோ தொகுதி ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொள்கிறது. கார்பாக்சில் தொகுதி தன் புரோட்டானை இழக்கிறது. பிணைப்பு உண்டாக நைட்ரஜனின் தனித்த ஜோடி எலக்ட்ரான் கார்பாக்சில் கார்பனைத் தாக்க வேண்டும். அந்த ஜோடியோ புரோட்டானிடம் மாட்டிக்கொண்டது. போதாக்குறைக்குச் சுற்றிலும் நீர். சமநிலை பிரிகிற பக்கமே சாயும்.

இன்னொரு சிக்கல் வரிசை. கட்டுப்பாடில்லாமல் சேர்ந்தால் நான்கு வகை டைபெப்டைடு கிடைக்கும். கிளைசின்-அலனின் வேறு, அலனின்-கிளைசின் வேறு. உங்கள் ஊர்ப் பட்டுக்கூட்டையே பாருங்கள். அதன் ஃபைப்ராயின் என்ற புரதத்தில் கிளைசின்-அலனின்-கிளைசின்-அலனின்-கிளைசின்-செரின் என்ற வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்றுவிட்டு ஒன்று சின்னஞ்சிறு கிளைசின் இருப்பதால்தான் புரதச் சங்கிலிகள் சேர்ந்த தாள்கள் நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன; இழைக்கு அந்த உறுதி.

ஆய்வகத்தில் கிளைசினின் அமினோ முனையை 'பாக்' தொகுதியால் மூடி, அலனினின் கார்பாக்சில் முனையை எஸ்டராக்கி, ஈரமில்லாத கரைப்பானில் டிசிசி என்ற இணைப்பு வினைபொருளைச் சேர்ப்பார்கள். டிசிசி, மூடாத கார்பாக்சிலைக் கிளர்வூட்டித் தானே நீரை ஏற்றுக்கொண்டு யூரியா வகைத் திண்மமாக வீழ்படியும். அதை வடிகட்டி, மூடிகளைக் கழற்றினால் டைபெப்டைடு. நீண்ட சங்கிலிக்கு, முதல் அமினோ அமிலத்தைப் பிசின் மணியில் கட்டி ஒவ்வொன்றாகச் சேர்க்கும் மெரிஃபீல்டு முறை (1963). ஒரு சுற்று 99% நடந்தால் 50 சுற்றுக்குப் பின் சுமார் 60% மிஞ்சும். 95% என்றால் 8% கூடத் தேறாது. உடலில் இந்தக் கிளர்வூட்டலுக்கு ஆற்றல் மூலக்கூறான ஏடிபி செலவாகிறது, வரிசையைப் புரதம் கட்டும் ரைபோசோம் பார்த்துக்கொள்கிறது.

கேள்வி: டைபெப்டைடு கரைசலில், புரதத்தைக் கண்டறியும் பையூரெட் சோதனை செய்தோம். ஊதா வராமல் நீலமாகவே நிற்கிறதே?
*– ஆசிரியர், உடுமலைப்பேட்டை*

பதில்: பிழை உங்களுடையதல்ல. ஊதா நிறத்துக்குக் குறைந்தது இரண்டு பெப்டைடு பிணைப்பு வேண்டும். டைபெப்டைடில் இருப்பது ஒன்றே. ஊதாவைப் பார்க்க ஒரு புரதத்தை எடுங்கள்: நீர்த்த முட்டை வெள்ளைக்கரு 2 மி.லி., 10% சோடியம் ஹைட்ராக்சைடு 2 மி.லி., பிறகு 1% காப்பர் சல்பேட் இரண்டு மூன்று சொட்டு மட்டும். அதற்கு மேல் ஊற்றினால் காப்பர் ஹைட்ராக்சைடின் நீல வீழ்படிவு ஊதாவை மறைத்துவிடும்.