மூச்சுக் கருவியும் கல்லீரலின் ரத்த ஓட்டமும்

கேள்வி: என் தந்தைக்கு மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு இடையிலுள்ள வால்வு) மாற்று அறுவை சிகிச்சை செய்ய நாள் குறித்திருக்கிறார்கள். அவருடைய கல்லீரல் ஏற்கெனவே சற்று வீங்கியிருக்கிறது என்றும், அதனால் வென்டிலேட்டரின் அழுத்தத்தைக் கவனமாக அமைப்போம் என்றும் மயக்கவியல் மருத்துவர் சொன்னார். மூச்சுக் கருவிக்கும் கல்லீரலுக்கும் என்ன தொடர்பு?

பதில்: மருத்துவர் அதைக் கவனித்துச் சொன்னது நல்ல செய்தி. இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கல்லீரல் வழியாகச் செல்கிறது. அதில் முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை மூலமாகவும், எஞ்சியது கல்லீரல் தமனி மூலமாகவும் வருகிறது. தமனியில் அழுத்தம் அதிகம். போர்ட்டல் சிரையிலோ வழக்கமாக 5 முதல் 10 மில்லிமீட்டர் பாதரசம்தான். இந்தச் சிறிய அழுத்தத்தைக் கொண்டுதான் ரத்தம் கல்லீரலைக் கடந்து, கீழ்ப் பெருஞ்சிரை வழியாக இதயத்தின் வலது மேலறையை அடைய வேண்டும். ஆகவே வலது மேலறையில் அழுத்தம் சிறிதளவு கூடினாலும் கல்லீரலிலிருந்து ரத்தம் வடிவது தடைப்படுகிறது.

நாம் இயல்பாக மூச்சை இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைந்து, ரத்தம் இதயத்தை நோக்கி ஈர்க்கப்படுகிறது. வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளுவதால் இது தலைகீழாகிறது. மூச்சு வெளியேறிய பின்னும் நுரையீரலின் காற்றறைகள் சுருங்கிவிடாமலிருக்கக் கருவி நிறுத்தி வைக்கும் அழுத்தத்தை மருத்துவர்கள் ‘பீப்’ என்பார்கள். அதை உயர்த்தும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து, இதயம் வெளியேற்றும் அளவும் குறையலாம். வலது மேலறையின் அழுத்தமும் ஏறும். கல்லீரலுக்கு வரும் ரத்தம் குறைவதும், வந்த ரத்தம் வெளியேறத் தடை உண்டாவதும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. போர்ட்டல் ஓட்டம் குறைந்தால் அடினோசின் என்ற பொருள் கல்லீரலில் தேங்கித் தமனியை விரியச் செய்து ஓரளவு ஈடுகட்டும். ஆனால் அந்த ஈடு முழுமையானதன்று.

அப்படியானால் பீப்பைப் பூஜ்யத்தில் வைத்துவிடலாமே என்று தோன்றும். உங்கள் தந்தையைப் போன்றவர்களுக்கு அது நல்லதன்று என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மைட்ரல் வால்வு பழுதுபட்டால் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் உயர்ந்து, இதயத்தின் வலப்பக்கம் களைத்து, அதன் விளைவாகவே கல்லீரல் வீங்குகிறது. காற்றறைகள் சுருங்கி ஆக்சிஜன் குறைந்தாலும், கரியமில வாயு தேங்கினாலும், அந்த ரத்தக்குழாய்கள் மேலும் இறுகி வலப்பக்கத்தின் சுமையைக் கூட்டும். மாறாக, கருவியை வேகமாக ஓட்டிக் கரியமில வாயுவை மிகவும் குறைத்துவிட்டால் குடலுக்கும் கல்லீரலுக்கும் செல்லும் ரத்தம் குறையும். எனவே காற்றறைகளைத் திறந்து வைக்கப் போதுமான மிகக் குறைந்த பீப், பலருக்கு 5 சென்டிமீட்டர் நீர் அளவை ஒட்டி, என்பது பொருத்தமான தொடக்கம். ஒவ்வொரு மூச்சின் அளவும் நோயாளியின் இப்போதைய எடையை வைத்தன்றி, உயரத்தைக் கொண்டு கணக்கிட்ட எடைக்கு, கிலோவுக்கு 6 முதல் 8 மில்லிலிட்டர் என அமைக்கப்படுவது வழக்கம்.

அறுவை சிகிச்சையின் எல்லாக் கட்டத்திலும் இந்த விளைவு ஒரே மாதிரி இருப்பதில்லை. மார்பெலும்பு திறந்திருக்கும்போது மார்புக்குள் அழுத்தம் அவ்வளவாகத் தேங்காது. இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் தற்காலிகமாக ஏற்கும் இதய-நுரையீரல் இயந்திரம் முழுமையாக ஓடும்போது கல்லீரலுக்கு ரத்தம் தருவது அந்த இயந்திரமே; அப்போது வென்டிலேட்டர் பெரும்பாலும் நிறுத்தப்பட்டிருக்கும் அல்லது மிகக் குறைவாக இயங்கும். இயந்திரத்தை விலக்கி, மார்பை மூடிய பிறகு வரும் முதல் சில மணி நேரமே கவனம் மிகவும் தேவைப்படும் காலம். இதயம் அப்போது இன்னும் தேறிக்கொண்டிருக்கும். குறைந்த ரத்த அழுத்தத்தை நிறையத் திரவம் ஏற்றியே சரிசெய்ய முயன்றால் வலது மேலறை அழுத்தம் ஏறி, கல்லீரல் மேலும் வீங்கும்.

கேள்வி: அறுவை சிகிச்சைக்குப் பின் ரத்தப் பரிசோதனையில் பிலிருபின் (சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகி, கல்லீரல் வெளியேற்றும் மஞ்சள் நிறப் பொருள்) கூடினால், வென்டிலேட்டர்தான் காரணமா?

பதில்: அது மட்டுமே காரணமாவது அரிது. இதய-நுரையீரல் இயந்திரத்தில் சிவப்பணுக்கள் சிதைவது, ரத்தம் ஏற்றியது, இதயத்தின் வெளியேற்றம் குறைந்தது, முன்பே இருந்த வீக்கம் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். இதயம் நிலைபெற்று, நோயாளி விழித்துத் தானாக மூச்சுவிடத் தொடங்கியதும் வென்டிலேட்டரின் குழாயைத் தொண்டையிலிருந்து விரைவில் எடுத்துவிட முயல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: அவருடைய சொந்த மூச்சே கல்லீரலிலிருந்து ரத்தத்தை மீண்டும் இதயத்துக்கு இழுக்கத் தொடங்கும்.