விருந்தாளியாக இருந்தது போதும்

அன்புள்ள அக்கா,

மொரிஷியஸுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. எபென் சைபர் சிட்டியில் கணக்கு வேலை. காத்ர் போர்னில் ஒரு வீட்டு மாடியில் தனியாக இருக்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி. வந்த முதல் வாரம் இந்த ஊர் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "இங்கே நம்ம ஆட்கள் இருக்காங்கம்மா, கவலைப்படாதே" என்றேன். அலுவலகத்தில் முத்துசாமி, பிள்ளை, செட்டி என்றெல்லாம் பெயர்கள். ஆனால் தமிழில் ஒரு வார்த்தை வருவதில்லை. எல்லாரும் நன்றாகத்தான் பேசுகிறார்கள், மாலையானதும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆறு மணிக்கு மேல் தெருவே அடங்கிவிடுகிறது. அப்புறம் அம்மாவோடும் சென்னைத் தோழிகளோடும் போனிலேயே ராத்திரி ஓடுகிறது.

வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போகிறேன். கும்பிட்டுத் திருநீறு வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் தாங்க முடியவில்லை. போன மாதம் ஃப்ளிக் அன் ஃப்ளாக் கடற்கரைக்குப் போனேன். சவுக்கு மரத்தடியில் குடும்பம் குடும்பமாக அண்டா நிறையப் பிரியாணியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் பஸ் ஏறிவிட்டேன். தீபாவளிக்குக் கீழ்வீட்டு அம்மா ஒரு டப்பாவில் பலகாரம் கொடுத்தார். தொந்தரவு செய்ய வேண்டாமென்று மறுநாளே கழுவி அவர் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். நான் பழகத் தெரியாதவள் இல்லை அக்கா. கல்லூரியில் என்னைச் சுற்றி எப்போதும் ஆள் இருக்கும். இங்கே எங்கே தவறுகிறேன்?

ம., காத்ர் போர்ன்

அன்புள்ள ம,

உங்கள் கடிதத்தில் என் தொண்டையை அடைத்த இடம் கடற்கரை இல்லை, அந்த டப்பா. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கல்லூரியில் உங்களைச் சுற்றி ஆள் இருந்தது உங்கள் குணத்தால் என்று நினைக்கிறீர்கள். அதனால்தான் இங்கே ஆள் சேராதபோது குணத்தில் குறை தேடுகிறீர்கள். விடுதி அறை, ஒரே பெஞ்சு, மெஸ் வரிசை, பரீட்சைக்கு முந்தின ராத்திரி என்று நாளுக்கு எட்டு மணி நேரம் யாரும் கேட்காமலே உங்களுக்குக் கிடைத்தது. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வேறு ஊருக்குக் குடிபெயர்ந்து ஆறு மாதத்துக்குள் இருந்தவர்களிடம், புதிதாகப் பழகியவர்களோடு எவ்வளவு நேரம் கழித்தார்கள் என்று விசாரித்தார். முகம் தெரிந்த ஒருவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் ஆகிறது, நண்பர் என்று வாய்விட்டுச் சொல்ல 90, நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கும் மேல். அதிலும், சேர்ந்து வேலை பார்த்த நேரம் நட்புக்கு அவ்வளவாக உதவவில்லை என்றும் கண்டார். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒருவரோடு கழித்தால் 50 மணி நேரத்துக்கே ஆறு மாதம் வேண்டும். நெருக்கத்துக்கு இரண்டு வருஷம். உங்களுடைய ஏழு மாதத்தில், அலுவலகத்துக்கு வெளியே ஒரே ஆளோடு பத்து மணி நேரம்கூடச் சேர்ந்திருக்காது. உங்களிடம் குறை ஒன்றுமில்லை, நேரம் சேரவில்லை, அவ்வளவுதான்.

அந்த நேரம் எங்கே சேரும் என்று சொல்லும் முன், முத்துசாமிகளையும் பிள்ளைகளையும் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். எனக்கு இது மனதுக்கு நெருக்கமான விஷயம்.

நான் 2001இல் இங்கே வந்தேன். ஒரு ஜவுளி ஆலையில் கணக்குப் பிரிவு வேலை. அங்கே ஒரு பெரியவர் இருந்தார், பெயரைக் கேட்டாலே நம் ஊர் ஞாபகம் வரும். ஆசையோடு போய்த் தமிழில் பேசினேன், அவர் சிரித்துத் தலையசைத்தார். "தமிழ் என்கிறீர்கள், தமிழ் தெரியாதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கியதை இன்றைக்கும் மறக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்: "என் பாட்டி பேசினாள். எனக்குக் கிடைக்கவில்லை." கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்லவில்லை, கிடைக்கவில்லை என்றார். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனாரும் தச்சரும் வந்த தீவு இது. 1834க்குப் பிறகு கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பல் கப்பலாக ஆள் வந்தார்கள். தலைமுறை தலைமுறையாக முதலாளியிடம் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி என்று வாழ்ந்தவர்கள் கையில் தமிழ் மிஞ்சவில்லை. ஆனால் அந்தப் பெரியவர் ஒரு தைப்பூசத்துக்கும் காவடி எடுக்காமல் இருந்ததில்லை. தமிழ்ப் பாட்டை ரோமன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவார். பொருள் தெரியாமல் பாடும்போதும் அவர் கண் கலங்கும்.

எனவே "தமிழ் தெரியாதா" என்று யாரிடமும் கேட்காதீர்கள். கேட்டிருந்தால் இனிமேல் வேண்டாம். உச்சரிப்பைத் திருத்தவும் வேண்டாம். இந்த ஊர்க்காரர்கள் வீட்டிலும் தெருவிலும் பேசும் கிரியோல் மொழியை நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் ஆங்கிலம் போதும். ஆனால் வாசலிலும் அடுப்படியிலும் அது போதாது, ஆங்கிலம் பேசினால் நீங்கள் எப்போதும் ஆபீஸ்காரிதான். கிரியோல் நம் வாய்க்குக் கஷ்டமே இல்லை. 'மோ மான்ஸே' என்றால் நான் சாப்பிடுகிறேன். 'தோ மான்ஸே', 'லி மான்ஸே' என்று யார் சாப்பிட்டாலும் வினை மாறாது. நடுவில் 'தி' வந்தால் முடிந்தது, 'பெ' வந்தால் நடந்துகொண்டிருக்கிறது, 'பு' வந்தால் இனிமேல்தான். நம்மைப் போலவே நீ, நீங்கள் உண்டு. 'தோ' என்றால் நீ, 'ஊ' என்றால் நீங்கள். கீழ்வீட்டு அம்மாவிடம் 'ஊ' என்றே பேசுங்கள். காத்ர் போர்ன் சந்தையில் காய் வாங்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு நில்லுங்கள். கொத்தமல்லி அங்கே 'கோத்தோமிலி', கறிவேப்பிலை 'காரிப்புலே', முருங்கைக்கீரை 'ப்ரெட் மூரூம்', ரசம் 'ரஸோன்'. தமிழ் இல்லை என்று எழுதியிருந்தீர்களே, நீங்கள் தேடிய இடம் ஆபீஸ். அது சமையலறையில் இருக்கிறது.

இப்போது என் கதை. முதல் ஆறேழு மாதம் நானும் உங்களைப் போலத்தான், யாருக்கும் தொந்தரவு தராத பெண். ரோஸ் ஹில்லில் மாடி அறை. 2002 ஜனவரியில் தீனா புயல் வந்தது. முந்தின நாளே எல்லாரும் வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்து வைத்தார்கள். எனக்கு அது தெரியவில்லை, யாரையும் கேட்கவுமில்லை. காற்று ஓய்ந்தபோது மின்சாரம் இல்லை, குழாயில் ஒரு சொட்டு இல்லை. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் நாக்கு வறண்டு கிடந்தேன், கீழே இறங்கிக் கேட்கக் கூச்சம். மறுநாள் காலை வேறு வழியில்லாமல் ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. "நேற்றே ஏன் வரவில்லை?" அவ்வளவுதான் கேட்டார். தண்ணீரும் கொடுத்து, உட்கார வைத்துச் சோறும் போட்டார். கரி அடுப்பில் வைத்த பருப்பும் ஊறுகாயும். ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டால் அப்புறம் அந்நியம் ஏது? அடுத்த வாரம் சொம்பு நிறையப் பாயசத்தோடு போனேன். அந்தச் சொம்பு அதற்குப் பிறகு எந்த வீட்டுச் சொம்பு என்றே தெரியாமல் போய்விட்டது, பத்து வருஷம் மாடிக்கும் கீழுக்குமாகப் போய்வந்தது. அவர் இறந்தபோது ராத்திரி முழுக்க அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை.

தொந்தரவு செய்யக் கூடாது என்பது நல்ல வளர்ப்பு என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தனியாக வெளிநாட்டில் இருப்பவளை அதுதான் ஆயுசுக்கும் விருந்தாளியாக வைத்திருக்கும். விருந்தாளிக்கு இலை போடுவார்கள், சிரிப்பார்கள், வழியனுப்புவார்கள். அடுப்படிக்குள் யாரும் கூப்பிட மாட்டார்கள். நம் கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். மொய் எழுதிச் சாப்பிட்டுப் போனவர் யார் என்று மறுநாள் யாருக்கும் ஞாபகமில்லை. முந்தின ராத்திரி காய் நறுக்கியவர்களை மூன்று தலைமுறைக்குப் பேர் சொல்வார்கள்.

தைப்பூசம் வருகிறது. இங்கே அன்றைக்கு நாடே விடுமுறை என்பது உங்களுக்குத் தெரியும். கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் விரதம், தினமும் மாலை பூஜை. பூசத்தன்று காவடி இறக்கியபின் வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு. அந்த ஏழு கறிக்கும் காய் யார் நறுக்குகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? முந்தின ராத்திரி பெண்களும் ஆண்களும் வட்டமாக உட்கார்ந்து பலாக்காயையும் பூசணியையும் மலைமலையாக நறுக்குவார்கள். நீங்கள் போகிற கோவிலில், கொடியேற்றத்தன்று ஒரு பெரியம்மாவைப் பார்த்து, "எனக்கு ஏதாவது வேலை கொடுங்கள்" என்று கேளுங்கள். மலர் தொடுக்கச் சொன்னாலும் சரி, பாத்திரம் கழுவச் சொன்னாலும் சரி. பத்து மாலையும் மூன்று மூன்று மணி நேரம் என்றால் முப்பது மணி நேரம், காய் நறுக்கும் ராத்திரியும் சேர்ந்தால் நாற்பதை நெருங்கும். ஒரே முகங்கள், ஒரே இடம், கையில் வேலை. பேச விஷயம் தேட வேண்டியதில்லை, கத்தி எங்கே என்று கேட்டாலே பேச்சு வந்துவிடும். பூசம் முடிந்ததும் மறைந்துவிடாதீர்கள், அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே நேரத்துக்குப் போங்கள். இந்தப் பெண் வராவிட்டால் "ஏன் வரவில்லை" என்று கேட்க அங்கே ஒருவர் இருக்கும்வரை போங்கள்.

சாமி கும்பிடாத ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் வாலிபால் குழுவையோ மலையேறும் கூட்டத்தையோ சொல்லியிருப்பேன். வாராவாரம் அதே ஆட்கள் வரும் இடமாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

நம் ஊரில் நல்லதுக்குக் கூப்பிட்டால் போ, துக்கத்துக்குக் கூப்பிடாமலே போ என்பார்கள். இந்தத் தீவும் அப்படித்தான். இறந்தவர் வீட்டில் ராத்திரி முழுக்க அக்கம்பக்கம் கண்விழித்து உட்கார்ந்திருப்பார்கள், தெரிந்தவர் தெரியாதவர் என்று யாரும் பார்ப்பதில்லை. உங்களோடு வேலை பார்ப்பவர் வீட்டில் துக்கம் என்று கேள்விப்பட்டால் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். மொழி தேவையே இல்லாத இடம் அது.

போன் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் ஆறு மணி அம்மாவுக்கு ஏழரை. ஆறு மணிக்கே போனை எடுத்துவிடுகிறீர்கள். இந்த ஊரில் வாசலில் ஆள் நிற்கும் நேரமும் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் நேரமும் அந்த ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவில்தான். அம்மாவிடம் சொல்லிவிட்டு ஏழு மணிக்குக் கூப்பிடுங்கள். தோழிகளோடு தினமும் பேச வேண்டாம், வாரத்துக்கு ஒருநாள் ஆற அமரப் பேசுங்கள். தினமும் அவர்களிடம் அழுதுவிட்டால் இங்கே யாரையும் தேடும் பசி உங்களுக்கு வராது. இதைச் சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

இந்தியாவிலிருந்து வந்து எபெனில் வேலை பார்க்கும் மற்றவர்களோடும் பழகுங்கள், குற்றமில்லை. ஒப்பந்தம் முடிந்தால் அவர்கள் கிளம்பிவிடுவார்கள், அவர்களை மட்டுமே நம்பியிருந்தால் இரண்டு வருஷத்தில் மறுபடி இதே கடிதம் எழுதுவீர்கள். இன்னொன்று, பார்த்த இரண்டாம் நாளே உயிர்த்தோழி என்று ஒட்டிக்கொண்டு பணமோ கையெழுத்தோ கேட்பவர்களிடமிருந்து விலகியே இருங்கள். தனியாக இருக்கும் பெண்ணைத் தேடி அப்படியும் சிலர் வருவார்கள். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் இல்லாமல் போனால் அதைத் தனிமை என்று பொறுத்துக்கொள்ளாமல் மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது டப்பா. கீழ்வீட்டு அம்மா சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாவில் தேங்காய்ப் பூரணம் வைத்துப் பொரித்த 'காத்தோ பதாத்' கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன், தீபாவளிக்கு இங்கே அதுதான். நீங்கள் டப்பாவைக் கழுவி வாசலில் வைத்தது, எனக்கு உங்களோடு கணக்கு வேண்டாம் என்று சொன்னது மாதிரி ஆகிவிட்டது. உங்கள் மனதில் அது இல்லை, அவருக்கும் புரிந்திருக்கும். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று உங்கள் அம்மாவும் சொல்லியிருப்பார், அவசரத்தில் மறந்துவிட்டீர்கள்.

இந்தச் சனிக்கிழமை சந்தையில் கோத்தோமிலி ஒரு கட்டு வாங்கித் தூத்துக்குடி ரசம் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் வேண்டாம், ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் தூக்கில் ஊற்றிக்கொண்டு போய்க் கதவைத் தட்டுங்கள். அவர் வந்து திறக்கும்வரை நில்லுங்கள். கையில் கொடுத்துவிட்டு, "பாத்திரம் மெதுவாகக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
அக்கா
ரோஸ் ஹில்